ஆய்வுப் பொருள் காலமானது

தொடர்பியலில் பிஎச்.டி. செய்கிறவனுக்கு ஊரில் நிரந்தரமாக இரண்டு வேலைகள் உண்டு. கல்யாண வீட்டில் மைக் கரகரத்தால் எல்லோரும் அவனைத்தான் திரும்பிப் பார்ப்பார்கள். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வந்து விழுவது உண்மையா புருடாவா என்று அவன்தான் சொல்ல வேண்டும். சொன்னால் நம்பமாட்டார்கள், அது வேறு விஷயம். "நீ இன்னும் படிச்சுக்கிட்டுத்தானப்பா இருக்கே" என்பார் பெரியப்பா. பூச்சியியல் படிக்கிற என் அறைத்தோழனிடம் பூச்சியைப் பற்றி யாரும் மல்லுக்கு நிற்பதில்லை. செல்போன் எல்லோர் கையிலும் இருப்பதால் என் துறையில் மட்டும் ஊரே பேராசிரியர்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். நாங்கள் ஆராய்கிற பொருளுக்கு ஆயுள் கெட்டி இல்லை என்பதுதான் பெரும்பாடு. பிஎச்.டி. முடிக்கக் குறைந்தது 3 ஆண்டுகள். ஆறு வரை இழுப்பவர்களும் உண்டு. செல்போன் செயலிக்கு அவ்வளவு பொறுமை கிடையாது.

நான் எடுத்த தலைப்பு, கிராமத்துப் பெண்களும் டிக்டாக்கும். உசிலம்பட்டிப் பக்கம் ஆட்டுக்குக் குழை ஒடித்துக்கொண்டிருந்த ஓர் அக்காவிடம் கேள்வித்தாளோடு போய் நின்றேன். 'டிக்டாக் என் தன்னம்பிக்கையை உயர்த்தியது' என்பது வாக்கியம். 'முற்றிலும் உடன்படுகிறேன்' தொடங்கி 'முற்றிலும் மறுக்கிறேன்' வரை ஐந்து கட்டங்கள். 1932-இல் ரென்சிஸ் லைக்கர்ட் என்ற அமெரிக்கர் வகுத்த அளவுகோல் இது. அவர் உசிலம்பட்டிக்கு வந்ததில்லை.

"எனக்குத் தன்னம்பிக்கை எல்லாம் முன்னாடியே இருந்துச்சு தம்பி. இதுல எங்க வீட்டுக்காரருக்குத்தான் கொறஞ்சு போச்சு. அதை எந்தக் கட்டத்துல போடுவீங்க?"

நடுக்கட்டத்தைக் காட்டினேன். 'கருத்து இல்லை.'

"என்னைப் பார்த்தா கருத்து இல்லாத ஆளு மாதிரியா தெரியுது?"

ஐந்து கட்டங்களுக்கும் வெளியே, தாளின் ஓரத்தில் அவர் பதிலை எழுதிக்கொண்டேன். என் ஆய்வேட்டில் உருப்படியான பகுதி அந்த ஓரம்தான்.

2020 ஜூன் 29 இரவு, மத்திய அரசு 59 செயலிகளைத் தடை செய்தது. அதில் டிக்டாக்கும் ஒன்று. மறுநாள் காலை நண்பர்கள் துக்கம் விசாரிக்கிற குரலில் போன் செய்தார்கள். நெறியாளர் மட்டும் அசரவில்லை. "தலைப்புல 'ஒரு வரலாற்றுப் பார்வை'ன்னு சேர்த்துக்கங்க" என்றார். பத்து நாள்கூட ஆகவில்லை, இன்ஸ்டாகிராம் இந்தியாவில் ரீல்ஸை இறக்கியது. அந்த அக்கா ஜாகை மாறிவிட்டார். அதே பாட்டு, அதே ஆடு. அங்கே போக அவருக்கு யார் அனுமதியும் தேவைப்படவில்லை. எனக்கு டாக்டரல் கமிட்டி கூட வேண்டும்.

எங்கள் வராந்தாவில் நான் மட்டும் இல்லை. ட்விட்டர் ஹேஷ்டேகுகளை ஆராய்ந்த தோழிக்கு 2023-இல் இடி விழுந்தது. இலவசமாகத் தரவு எடுக்கும் வழியை அந்த நிறுவனம் அடைத்தது. போதாக்குறைக்கு ஜூலையில் பெயரையும் எக்ஸ் என்று மாற்றியது. தலைப்பை மாற்ற அவள் விண்ணப்பம் எழுதினாள். ஃபேஸ்புக் பதிவுகளைத் திரட்ட கிரவுட்டேங்கிளை நம்பியிருந்த சீனியர், எங்கள் இருவரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். 2024 ஆகஸ்ட் 14 அன்று மெட்டா அதை மூடியது.

எங்கள் குலத்துக்கே இது வாய்த்ததுதான். 1975 ஆகஸ்டில் நாசாவின் ஏடிஎஸ்-6 செயற்கைக்கோளை இரவல் வாங்கி, ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்களுக்கு இந்தியா டி.வி. காட்டியது. பார்த்தவர்களிடம் என்ன மாறுகிறது என்று அறிய ஆய்வாளர்கள் கிராமங்களிலேயே போய்த் தங்கினார்கள். ஓராண்டு முடிந்ததும் கோளைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. எங்கள் முன்னோருக்கு ஆய்வுப் பொருள் வானத்திலிருந்தே போனது. எங்களுக்கு பிளே ஸ்டோரிலிருந்து போகிறது. முன்னேற்றம்தான்.

எழுதிய கட்டுரையை ஓர் ஆய்விதழுக்கு அனுப்பினேன். மாதக்கணக்கில் மௌனம். தொடர்பியல் இதழோடு தொடர்புகொள்ளத் தனியாக ஒரு கோட்பாடு வேண்டும். கடைசியில் பதில் வந்தது. முதல் மதிப்பீட்டாளர் 'காலத்துக்கேற்ற கட்டுரை' என்றிருந்தார். இரண்டாமவர், 'இந்தச் செயலியே இப்போது இல்லையே?' என்று கேட்டுவிட்டு, எலிஹு காட்ஸைப் படிக்கச் சொல்லியிருந்தார். ஊடகம் மக்களை என்ன செய்கிறது என்பதை விட்டு, மக்கள் ஊடகத்தை வைத்து என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள் என 1959-லேயே சொன்னவர் காட்ஸ். அந்த அக்காவைப் பார்த்திருந்தால் கட்டித் தழுவியிருப்பார்.

இந்தக் கதையெல்லாம் கேட்டு உஷாரான ஜூனியர் ஒருவர் சுவரொட்டிகளை எடுத்துக்கொண்டார். காகிதம், பசை, சுவர். கடவுச்சொல் கிடையாது, எந்தக் கம்பெனியும் மூட முடியாது என்று வாதம். போன வாரம் முகம் தொங்கிப்போய் வந்தார். பேருந்து நிலையச் சுவரில் அவர் எண் போட்டுக் குறித்து வைத்திருந்த காதணி விழா போஸ்டர்களை, பசை காய்வதற்குள் ஒரு மாடு உரித்துத் தின்றுவிட்டதாம். படம் எடுத்து வைத்திருக்கிறார். அந்த மாட்டைத் தரவு இழப்பில் காட்டுவதா, ஊடக நுகர்வோரில் சேர்ப்பதா என்று நெறியாளரும் அவரும் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். காட்ஸ் வழியில் பார்த்தால் நுகர்வோர்தான் என்பது என் கட்சி.