பெரிய காய்க்காரர்

வேலூர் சத்துவாச்சாரி ஹவுசிங் போர்டில் வெயில் கொஞ்சம் இறங்கியதும் எங்காவது ஒரு செஸ் போர்டு விரியும். டீக்கடை வாசல், பூங்கா பெஞ்சு, ஷட்டர் இறக்கிய கடையின் படிக்கட்டு என்று எந்த இடமானாலும் சரி. போர்டைச் சுற்றி நாலு வகை ஆட்கள் இருப்பார்கள். ஆடத் தெரிந்தவர். ஆடத் தெரியாமல் யோசனை மட்டும் சொல்பவர். வெட்டுப்பட்ட காய்களைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே இருப்பவர். நாலாவது ஆள்தான் நம் கதாநாயகர், பெரிய காய்க்காரர்.

டேனரி ஒன்றில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர். வாழ்நாளெல்லாம் பைசா பைசாவாகக் கூட்டிய களைப்போ என்னவோ, சின்ன விஷயம் எதுவும் இப்போது அவர் கண்ணில் படுவதில்லை. முதல் மூவில் ராஜாவுக்கு முன்னால் நிற்கும் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளுவார். ரெண்டாவது மூவிலேயே ராணி கிளம்பி போர்டின் ஓரத்தில் போய் நின்றுவிடும். அப்போது அவர் காயை வைக்க மாட்டார், அறைவார். டீ கிளாஸ் அதிரும்.

“எட்டு சிப்பாய வச்சினு இன்னா பண்றது? அவனுங்க கூலிக்கு வந்தவனுங்க. ஒரு பெரிய காய எறக்குனா எதிராளி பாதி செத்துடுவான்” என்பது அவர் சித்தாந்தம்.

அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. செஸ் கணக்கில் ராணிக்கு 9 புள்ளி, யானைக்கு 5, குதிரைக்கும் மந்திரிக்கும் மும்மூன்று, சிப்பாய்க்கு 1. ராஜாவை விட்டுவிட்டுக் கூட்டினால் மொத்தப் படைக்கும் 39. அதில் ஏறக்குறைய கால் பங்கு ராணி ஒருத்திதான். இவ்வளவு முதலீட்டைப் பெட்டிக்குள் பூட்டி வைப்பானேன்? புதிதாக ஆட வருகிற ஷூ கம்பெனிப் பையன்களை அவர் நாலே மூவில் வீட்டுக்கு அனுப்புவதை ஊரே பார்த்திருக்கிறது. மற்றவர்கள் அரை மணி நேரம் சிப்பாய்களை நகர்த்திவிட்டு ‘டிரா’ என்று கை குலுக்கும்போது, கூட்டம் அவர் போர்டைச் சுற்றித்தான் நிற்கும். தோற்றாலும் சீக்கிரம் தோற்பார். அடுத்து ஆடக் காத்திருப்பவர்களுக்கு அது பெரிய உபகாரம்.

ராணிக்கு இந்தப் பவர் வந்ததே 15ஆம் நூற்றாண்டின் கடைசியில், ஐரோப்பாவில்தான். நம்மிடமிருந்து போன பழைய ஆட்டத்தில் அந்தக் கட்டத்தில் நின்ற அமைச்சர், அரசாங்க ஃபைல் போலக் குறுக்கே ஒரே ஒரு கட்டம் நகர்வார். நம் ஆள் அந்தக் காலத்தில் பிறந்திருந்தால் செஸ் பக்கமே வந்திருக்க மாட்டார்.

யோசனை சொல்பவர்களில் ஒரு ஓய்வு பெற்ற ஹிஸ்டரி வாத்தியார் உண்டு. அவர் ஒருநாள் ஆரம்பித்தார்: “சார், கி.மு. 326இல் ஜீலம் ஆற்றங்கரையில போரஸ் யானைகளை நிறுத்தினார். அடிபட்டு நெருக்கடி வந்ததும் அதுங்க சொந்த ஆளுங்களையே மிதிச்சுது. கார்த்தேஜ் தளபதி ஹாஸ்ட்ரூபல் பாகன் கையில உளியும் சுத்தியும் கொடுத்து அனுப்புவாராம். யானை மிரண்டு திரும்புனா பிடரியில உளிய வச்சு ஒரே அடி. லிவின்னு ஒரு ரோமானிய ஆசிரியர் எழுதி வச்சிருக்காரு. பெரிய ஆயுதத்துக்குக் கூடவே அதைக் கொல்றதுக்கும் ஒரு ஆயுதம் தேவைப்பட்டிருக்கு பாருங்க.”

பெரிய காய்க்காரர் பொறுமையாகக் கேட்டார். “அதெல்லாம் இருக்கட்டும் சார். அலெக்சாண்டர் குதிரைங்க யானையப் பார்த்து மிரண்டுச்சா இல்லியா? அத மொதல்ல சொல்லுங்க.”

மிரண்டது உண்மைதான். வாத்தியார் டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

பெரிய காய்க்காரருக்கு வாய்த்த உளியும் சுத்தியும் ஏழாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண். செஸ் கிளாஸ் முடிந்து புத்தகப் பையோடு வருவாள். அவர் ராணியை அறைந்தார். அவள் குதிரையை எடுத்து நடுச் சிப்பாய்க்குக் காவல் வைத்தாள். அவர் மந்திரியைத் துணைக்கு அனுப்பினார், அடுத்தது மேட். அவள் ஒரு சிப்பாயை ஒரே ஒரு கட்டம் தள்ளி ராணியைத் தொட்டாள். ராணி பின்வாங்கி, வேறு பக்கமிருந்து அதே மேட்டைக் காட்டியது. அவள் இன்னொரு குதிரையைக் குறுக்கே நிறுத்தினாள். பிறகு முதல் குதிரை ராணிமேல் பாய்ந்தது.

“தாத்தா, ராணி போகுது. பாத்து ஆடுங்க.”

“தெரியும் பாப்பா, தெரியும்.”

ராணி ஓட ஓட அவள் காய்கள் ஒவ்வொன்றாய் வெளியே வந்தன. அவருடைய படை வீட்டிலேயே உட்கார்ந்து ராணி ஓடுவதை வேடிக்கை பார்த்தது. கோளாறே இதுதான். பெரிய காயைச் சின்னக் காய் தொட்டால் பெரியதுதான் ஓட வேண்டும். குதிரையைக் கொடுத்து ராணியை வாங்க எல்லாருக்கும் ஆசை, ராணியைக் கொடுத்துக் குதிரையை வாங்க யாருக்கு மனம் வரும்? வேலூரைப் பற்றி வெளியூர்க்காரர்கள் ‘ராஜா இல்லாத கோட்டை, தண்ணீர் இல்லாத ஆறு’ என்று கேலி பேசுவதுண்டு. அந்த வரிசையில் இவருடைய ராணி இல்லாத ராஜாவையும் சேர்த்துக்கொள்ளலாம்.

தோற்ற மறுநாள் அவர் ஒரு சாட்சியோடு வந்தார். “பெரிய பெரிய ஆளே இத ஆடியிருக்கான். நகமுரா ஆடியிருக்கான்!” சொன்னது சரிதான். அமெரிக்க கிராண்ட்மாஸ்டர் ஹிகாரு நகமுரா 2005இல் கோபன்ஹேகன்–மால்மோ போட்டியில் இதே ரெண்டாவது மூவ் ராணியை இறக்கினார். எதிரே உட்கார்ந்திருந்தவர் நம் சென்னை சசிகிரண். ஆட்டத்தில் ஜெயித்ததும் சசிகிரண்தான். சாட்சியின் பின்பாதியை அந்தப் பெண்தான் எடுத்துக்கொடுத்தாள்.

போர்டை மடித்தாலும் அவர் மாறுவதில்லை. வேலூர் வெயிலுக்கு வீட்டில் ரெண்டு ஃபேன் கூடுதலாகக் கேட்டார்கள். அவர் கல்யாண மண்டபத்தில் வைப்பது போன்ற ஆளுயர ஏர்கூலர் ஒன்றை இறக்கினார். அது வாசலில் நுழையவில்லை. ஜன்னல் கம்பியைக் கழற்றி உள்ளே விட்டார்கள். இப்போது அதற்குத் தண்ணீர் ஊற்ற ஒருவர், அது போடும் சத்தத்தில் டிவி கேட்காதவர் இருவர், ஈரத்தில் வழுக்கி விழாமல் காவல் இருக்க ஒருவர் என மொத்தக் குடும்பமும் கூலரின் பணியில் இருக்கிறது.

பெங்களூரில் ஐடி வேலை பார்க்கும் பேரனுக்கும் இந்த ரத்தம்தான். அவன் ஆடுவது இங்கிலாந்தின் நாட்டிங்காமில் இருக்கும் கேம்ஸ் ஒர்க்‌ஷாப் கம்பெனியின் வார்ஹாமர் 40,000. சின்னச் சின்ன பொம்மை வீரர்களை மேஜையில் நிறுத்தி, டேப் வைத்து அளந்து நகர்த்தி, தாயக்கட்டை உருட்டிச் சுடும் போர். வழக்கமான படைக்கு 2,000 புள்ளி. இவன் அதில் 400 வாக்கில் ஒரே ஒரு இம்பீரியல் நைட்டில் போட்டிருந்தான். ரெண்டு கால் ராட்சத இயந்திரம், ஒரு கையில் பீரங்கி, இன்னொரு கையில் சங்கிலி ரம்பம். ‘அறுபது சிப்பாய்க்குப் பெயின்ட் அடிப்பதைவிட இது ஒன்று எவ்வளவோ மேல்’ என்பான். அதுவும் நியாயம்தான்.

அவன் ஊருக்கு வந்தபோது காட்பாடி பக்கம் படிக்கும் நண்பன் ஒருவனோடு டைனிங் டேபிளில் ஆட்டம் நடந்தது. நைட் சுட்டதில் நண்பன் படையில் பாதி காலி. தாத்தா கை தட்டினார். ஆனால் அந்த ஆட்டத்தில் வெற்றிப் புள்ளி பெரும்பாலும் கொன்றதற்கு இல்லை, மேஜையில் குறித்த இடங்களைப் பிடித்து நிற்பதற்கு. நைட் எவ்வளவு பெரிதானாலும் ஒரு நேரத்தில் ஓரிடத்தில்தானே நிற்க முடியும்? நண்பனின் மிச்சம் மீதி வீரர்கள் நாலு மூலையில் போய் நின்றுகொண்டார்கள். ஐந்து ரவுண்டு முடிந்து கூட்டிப் பார்த்தால் நண்பன் வெற்றி.

“தாத்தா, நான்தான் நிறைய சுட்டேன்.”

“வுடு கண்ணு. அடுத்த வாட்டி ரெண்டு வாங்கு.”

இப்படிப்பட்டவர் உங்கள் தெருவிலும் இருப்பார். செஸ்ஸில்தான் பார்க்க வேண்டும் என்றில்லை, கட்சி ஆபீசிலும் கல்யாண வீட்டிலும்கூடப் பார்க்கலாம். அவர் எதிரே உட்கார நேர்ந்தால் சத்தத்துக்குப் பயப்படாதீர்கள். அந்தப் பெரிய காயைப் பிடித்தே தீருவேன் என்று துரத்தவும் வேண்டாம். குதிரையை எடுங்கள், சிப்பாயை ஒரு கட்டம் தள்ளுங்கள், உங்கள் வேலையைப் பாருங்கள். மீதியை அவரே செய்து கொடுத்துவிடுவார். ஆட்டம் முடிந்ததும் டீக்காசை நீங்கள் கொடுத்துவிடுங்கள். அவரிடம் சில்லறை இருக்காது, எப்போதும் ஐந்நூறு ரூபாய் நோட்டுதான்.