பாயைச் சுருட்டுறதுக்கு முன்னாடி

ஏன்டா பேராண்டி, நெட்டு கம்பெனிய மாத்தப் போறியாமே? தெருவே பேசுது. இருக்கிற கம்பெனிக்கு ஒரு வருஷத் துட்ட முன்னாடியே கட்டிட்ட. இன்னும் நாலு மாசம் பாக்கி இருக்கு. அதுக்குள்ள இன்னா அவசரம்? எதிர் வூட்டுக்காரன் முந்நூறு எம்பி போட்டுட்டானா? அப்ப உன் வியாதி நெட்டுல இல்ல, கண்ணுல.

உனக்கு எத்தினி வேணும்? அத மொதல்ல சொல்லு. 2004-ல கவர்மென்டு கொள்கை எழுதுனப்ப, 256 கேபி வந்தாலே அதுக்குப் பேரு பிராட்பேண்டு. 2023 ஜனவரியிலதான் குறைஞ்சது 2 எம்பின்னு ஏத்துனாங்க. நெட்ஃபிளிக்ஸ்காரன் இன்னா சொல்றான்? 4கே படம் பார்க்க 15 எம்பி போதும்ன்றான். படம் காட்டுறவனே 15 போதும்னா, பாக்குற உனக்கு 300 எதுக்கு? வூட்டுல இருக்கிறது நாலு பேரு. அதுல உன் பாட்டி பாக்குறது சீரியலு. அதுவும் கேபிள்ல.

இப்ப உன்கிட்ட இருக்கிற நூறு எம்பி கணக்கையாவது தெரிஞ்சு வெச்சிருக்கியா? கம்பெனிக்காரன் சொல்றது மெகாபிட்டு. உன் போன்ல படம் எறங்குறது மெகாபைட்டு. எட்டால வகுத்தா நொடிக்குப் பன்னெண்டரைதான் வரும். புதுக் கம்பெனிக்குப் போனா எட்டு ஏழாயிடுமா?

சரி, வேகமே வரலைன்ற. மோடம் எங்க இருக்கு? பீரோவுக்குப் பின்னாடி. ஆயுத பூஜைக்கு வெச்ச சந்தனம் குங்குமத்தோட, பழைய காலண்டர் கட்டு மேல. இரும்பு பீரோவத் தொளைச்சிக்கினு அலை உன் ரூமுக்கு ஓடி வரணுமா? ஒயர நேரா கம்ப்யூட்டர்ல சொருகி வேகத்தப் பாரு. ஒயர்ல வருது, காத்துல வரலைன்னா குத்தம் கம்பெனி மேல இல்ல, பீரோ மேல. மோடத்த நடு வூட்டுல உசரமா வை. 5 கிகாஹெர்ட்ஸ்னு ஒண்ணு காட்டும், அது வேகம் ஜாஸ்தி, ஆனா செவுரு தாண்டத் திணறும். 2.4 செவுரு தாண்டும், வேகம் கம்மி. ரூமுக்கு ஏத்தாப்ல போட்டுக்க. இதுக்குக் காலணா செலவில்ல. செலவில்லாத வைத்தியம் உனக்குப் புடிக்காதே!

இப்ப துட்டுக் கணக்குக்கு வருவோம். புதுக் கம்பெனிக்காரன் மோடம் ஃப்ரீ, மாட்டுற கூலி ஃப்ரீ, பத்து ஆப்பு ஃப்ரீன்றான். தானம் குடுத்த மாட்டப் பல்லப் புடிச்சுப் பார்க்காதன்னு பெரியவங்க சொன்னாங்க. இது தானமாடா? ஆறு மாசத் துட்ட முன்னாடியே வாங்கிக்கினு குடுக்கிற மாடு. நல்லா பல்லப் புடிச்சுப் பாரு. ஒரு பேச்சுக்கு, போர்டுல 499ன்னு எழுதியிருப்பான். 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்தா பில்லுல 588 ரூபா 82 காசு. அன்லிமிடெட்டுன்னு கொட்டையா எழுதி, கீழ எறும்பு எழுத்துல மாசத்துக்கு 3,300 ஜிபின்னு போட்டிருப்பான். அளவே இல்லாததுக்கும் ஓர் அளவு. படிச்ச புள்ள நீ, அதப் படிச்சியா?

கணக்குக்குச் சொல்றேன். உன் புதுசு ஜிஎஸ்டி எல்லாம் சேர்த்தே மாசம் 489ன்னு வெச்சுக்க. பழசவிட நூறு ரூபா மிச்சம்னு குதிக்கிற. பழசுல இன்னும் நாலு மாசம் ஓட்ட உனக்கு எவ்ளோ செலவு? ஒண்ணுமில்ல. துட்டுதான் கட்டியாச்சே. இன்னிக்கே புதுசு போட்டா? நாலு மாசத்துக்கு 1,956 ரூபா. அப்ப உன் நூறு ரூபா மிச்சம் எப்ப ஆரம்பிக்குது? நாலு மாசம் கழிச்சுதான். அத நாலு மாசம் கழிச்சே போய் வாங்கிக்கயேன். அதுவரைக்கும் 1,956 ரூபா எதுக்கு? எதிர் வூட்டுக்காரன் பாக்கணும்னா?

அதுக்காக, கட்டுன துட்டு கட்டுனதுதான்னு கடைசி வரைக்கும் அழுதுக்கினே கெடன்னு சொல்லல. நம்ம தெருவுல வீடியோ கால்ல சேலை காட்டி விக்கிற பையன் இருக்கான். சிங்கப்பூர்லேர்ந்து ஒரு அம்மா முந்தானையக் காட்டுன்றாங்க. இவன் விரிக்கிறான். கோர்வை பார்டர் பாதி தெரியுது, மீதி கட்டம் கட்டமா நிக்குது. அந்த அம்மா போன வெச்சுட்டாங்க. வாரத்துல ரெண்டு சேலை அப்படிப் போச்சுன்னா அவன் நாலு மாசம் பொறுக்கணுமா? அந்த 1,956 அவனுக்கு ஒரு சேலை லாபத்துல வந்துடும். இன்னிக்கே மாத்தட்டும். பொழப்பு நிக்குதா, பொழுதுபோக்கு நிக்குதா? இதுக்கு ஒண்டி நெஞ்சத் தொட்டு பதில் சொல்லு. மீதிய நான் சொல்றேன்.

மாத்துறவனும் மொறையா மாத்தணும். மொதல்ல புகார் குடு. போன்ல திட்டுனா புகாராவாது. நம்பர் வாங்கி எழுதி வை. மூணு நாளுக்கு மேல கோளாறு சரியாவலைன்னா வாடகையில கழிவு தரணும்னு டிராய் விதி இருக்கு. கேக்கிறவனுக்குத்தான் குடுப்பான். அவன் மசியலைன்னா கம்பெனியிலயே மேல்முறையீட்டு அதிகாரின்னு ஒருத்தர் இருப்பாரு, 2012 விதிப்படி வெச்சே ஆவணும். அதுக்கும் மேல, நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915. உன் போன்ல எத்தினியோ நம்பர் இருக்கு, இது இருக்கா?

அப்புறம் கிளம்புறேன்னு சொல்லிப் பாரு. நம்ம ஊருக் கதை தெரியாதா உனக்கு? பல்லவ ராஜா கணிகண்ணன ஊரவுட்டுப் போன்னுட்டான். கூடவே அவனோட குரு திருமழிசையாழ்வாரும் கிளம்பிட்டாரு. ஆழ்வார் சொன்னதும் திருவெஃகா பெருமாளே பாம்புப் பாயைச் சுருட்டிக்கினு பின்னாடி வந்துட்டாரு. அன்னிக்கு ராத்திரி தங்குனது இங்கதான், நம்ம ஓரிக்கையில. பெருமாள் போனதும் காஞ்சிபுரமே இருண்டு போச்சு. ராஜா ஓடி வந்து கால்ல வுழுந்தான். அப்புறம்தான் எல்லாரும் திரும்பிப் போனாங்க. ஒரு ராத்திரி தங்கினதுக்கே ராஜா வழிக்கு வந்தான். நீயும் கனெக்‌ஷன் வேணாம்னு ஒரு வார்த்த சொல்லிட்டுப் பேசாம இரு. அதுவரைக்கும் எடுக்காத போனு தானா அடிக்கும். சார் சார்னு வேற பிளானு, வேற வெலை சொல்லுவான். ஆனா ஒண்ணு. அந்தப் பெருமாளுக்குச் சொன்னவண்ணம் செய்தவர்னு பேரு. கம்பெனிக்காரனுக்கு அந்தப் பேரு இல்ல. சொன்னத எழுத்துல வாங்கு.

அப்படியும் சரிப்படலையா? போ. ஆனா செல்போனு மாதிரி நம்பரத் தூக்கிக்கினு தாவ முடியாது. அந்த வசதி 2011 ஜனவரி 20-லேர்ந்து செல்லுக்கு நாடு பூரா இருக்கு. வூட்டு நெட்டுக்கு இல்ல. புது ஒயரு, புது மோடம், புதுசா சுவத்துல ஓட்டை. அதனால பழச அறுத்துட்டுப் புதுசுக்குக் காத்துக்கினு இருக்காத. தறியில பாவு தீருறப்ப உங்க அப்பன் இன்னா செய்வான்? பழைய பாவு நுனிய அறுத்தா எறியிறான்? புதுப் பாவு இழைய ஒண்ணொண்ணா அதோட பிணைக்கிறான். ஆயிரக்கணக்கான இழை. அறுத்துட்டா அத்தனையையும் விழுதுலயும் அச்சுலயும் மறுபடி கோக்கணும். அதே மாதிரி புதுசு வூட்டுல ஒரு வாரம் ஒழுங்கா ஓடட்டும். அப்புறம் பழச வுடு.

புதுசு எதுன்றதுக்கு வெளம்பரத்தப் பார்க்காத, தெருவப் பாரு. எல்லாக் கம்பெனி ஒயரும் அதே கம்பத்துலதான் தொங்குது. மழை அடிச்சு அறுந்தா, தேர் வர்றதுக்கு ஒயர அவுத்தா, மறுநாள் ஏணியோட மொதல்ல வர்ற ஆளு எந்தக் கம்பெனி ஆளு? உன் தெருவுல நாலு வூட்டுல கேளு. நடிகரு சொல்றதவிட ஏணிக்காரன் செய்றதுதான் உனக்கு உதவும்.

கடைசியா ஒண்ணு. பழச வுட்டதும் ஆட்டோ பேவ நிறுத்து. மோடத்தத் திருப்பிக் குடுத்து ரசீது வாங்கு. அட்வான்ஸு பாக்கி இருந்தா கேளு. அந்த ரசீத பத்திரமா வை. ஆறு மாசம் கழிச்சு எவனாவது போன் பண்ணி மோடம் எங்கேன்னு கேப்பான். அப்ப பேச்சு உதவாது, ரசீதுதான் உதவும். இதெல்லாம் முடியாதுன்னா, பீரோவ நகத்திட்டு நாலு மாசம் பேசாம இரு.