கைதட்டல் வாங்கினால் போதும்

விவாதத்தில் வசமாக மாட்டிக்கொண்டால் பதில் தேடி அலைய வேண்டாம், ஒரு துணுக்கு போதும். நம்பாதவர்கள் 1984 அக்டோபர் 21-க்குப் போய்வரலாம். அமெரிக்காவின் கன்சாஸ் சிட்டியில் அதிபர் தேர்தல் விவாதம். மீண்டும் போட்டியிட்ட அதிபர் ரீகனுக்கு வயது 73. முந்தைய விவாதத்தில் தடுமாறியிருந்தார். கியூபா ஏவுகணை நெருக்கடியில் கென்னடி நாள்கணக்கில் சரியாகத் தூங்கவில்லையே, உங்களால் அப்படித் தாக்குப்பிடிக்க முடியுமா என்று ஒரு பத்திரிகையாளர் கேட்டார். அணு ஆயுதத்துக்கு உத்தரவு போடுகிறவரிடம் கேட்க வேண்டிய கேள்விதான்.

துளியும் சந்தேகமில்லை என்று ஒப்புக்குச் சொன்ன ரீகன், வயதைத் தேர்தல் பிரச்சினையாக்க மாட்டேன் என்றார். யார் வயதை? எதிராளியின் இளமையையும் அனுபவமின்மையையும் அரசியல் லாபத்துக்குப் பயன்படுத்த மாட்டாராம்! என்ன பெருந்தன்மை! அந்த ‘இளைஞர்’ மாண்டேலுக்கு வயது 56. நான்கு ஆண்டு துணை அதிபராக இருந்தவர். அரங்கம் அதிர்ந்தது, மாண்டேலும் சேர்ந்து சிரித்தார். பாவம், வேறென்ன செய்வார்?

ரீகன் ஆற அமரத் தண்ணீர் குடித்தார். பிறகு, இளையோரின் தவறுகளை மூத்தோர் திருத்தாவிட்டால் அரசே இருக்காது என்று செனகாவோ சிசரோவோ சொன்னதாக ஒரு மேற்கோளையும் எடுத்துவிட்டார். யார் சொன்னது என்பது அவருக்கே நிச்சயமில்லை. யாருக்கு வேண்டும் அது? கேள்வி கேட்டவரே பாராட்டிவிட்டு அடுத்த கேள்விக்குத் தாவினார். தூக்கக் கணக்கு அத்தோடு போயிற்று.

நவம்பரில் 50 மாநிலங்களில் 49 ரீகனுக்கு. மாண்டேலுக்குக் கிடைத்தவை சொந்த மாநிலமான மினசோட்டாவும் தலைநகர் வாஷிங்டனும் மட்டுமே.