பேரிங் மாத்தப் போற மாப்ளைக்கு

வா கண்ணு. பழைய லேத்து ஒண்ணை எடைக்குப் பேசி ஏத்திட்டு வந்துட்டயாமா? வந்த அன்னிக்கே பச்சைப் பெயிண்டும் அடிச்சாச்சாமா? பேஷ்! உள்ள ஸ்பிண்டில் ஆடுனா என்ன, வர்ற ஒறம்பரை பெயிண்டைத்தானே பாக்கப் போறாங்க.

பேரிங்கு போச்சுன்னு ஆரு சொன்னா? சத்தம் வருதா? பெல்ட்டு பிஞ்சாலும் கியர்ப் பல்லு ஒடைஞ்சாலுந்தான் சத்தம் வரும். சக்குல தடிக் கம்பி ஒண்ணைக் கடிக்கவெச்சு, டயல் கேஜை மேல நிறுத்தி, கம்பியை மேல நெம்பிப் பாரு. முள்ளு ஆடுச்சுன்னா மொதல்ல பின்னாடி நட்டை இறுக்கு. பாதிப் பேருக்கு வைத்தியம் அங்கயே முடிஞ்சுரும். ஆனா நீ புதுச் சாமான் வாங்காம அடங்குவயா?

அதுக்கும் முந்தி, உள்ள இருக்கறது பேரிங்கா, புஷ்ஷான்னு பாத்தயா? சீமையில செஞ்ச மைஃபோர்டு எம்எல்7-ன்னா வொயிட் மெட்டல்தான். ஷிம் தகட்டுல ஒரு ஏடு உரிச்சாலே ஆட்டம் நின்னுரும். அதுக்குப் போயி கடை கடையா பேரிங்கு கேட்டீன்னா கடைக்காரன் டீ வாங்கிக் குடுத்து உக்காத்தி வெச்சுச் சிரிப்பான்.

டேப்பர் பேரிங்குதான், கையில சுத்துனா நறநறங்குதுன்னா சரி, மாத்து. 30210-ன்னு போட்டிருந்தா கடைசி ரெண்டு நம்பரை அஞ்சால பெருக்கு. ஓட்டை 50 மி.மீ. அங்குலக் கணக்கு பேரிங்குக்கு இந்தப் பெருக்கல் ஆகாது. நம்பர் ஒண்ணுதானேன்னு வண்டிக்குப் போடறதை வாங்கிட்டு வராத. பி5 தரம் கேளு. வெலையைக் கேட்டா நெஞ்சு அடைக்கும். தண்ணி குடிச்சுட்டுப் போ.

சுத்தியலை எங்கிட்டக் குடுத்துரு. ரோலர் வழியா அடி எறங்குச்சுன்னா ரேஸுல தழும்பு விழுந்து, புதுசும் அன்னிக்கே பழசுதான். இன்னர் ரேஸை எண்ணெயில தொங்கவிட்டு 90 டிகிரிக்குக் காச்சு, பாத்திரத்தோட அடியைத் தொடக் கூடாது, தானா வழுக்கி ஏறும். 120-ஐத் தாண்டுனா உருக்கோட பதம் போயிரும். அதுக்குன்னு ஊட்டுல வடைச் சட்டியைத் தூக்கிறாத. பேரிங்குக்கு முந்தி ஊட்டுக்காரி உன்னை மாத்திருவா.

மாட்டுன பொறவு அரைமணி நேரம் ஓட்டிட்டு ஹெட்ஸ்டாக்குல கை வை. கை பொறுக்கலைன்னா நட்டைத் துளி தளத்து.

பழைய அவுட்டர் ரேஸை வீசிறாத. சுத்தீலும் கொஞ்சம் சாணை புடிச்சு வெச்சுக்க, அடுத்த ரேஸை உள்ள எறக்க ஆகும். அடுத்தது ஏதுன்னு முழிக்காத. பல்லடத்துல ஒரு லேத்து கெடக்குதான்னு நேத்து நீ போன்ல விசாரிச்சது என்ற காதுலயும் உழுந்துச்சு.