சுண்ணாம்பு கேட்கும் குரல்: ஒலிவழி அச்சம் குறித்த ஒரு முன்னாய்வு

பேயைக் கண்ணால் பார்ப்பதைவிடக் காதால் கேட்பதே கொடிது என்பது இவ்வாய்வின் கருதுகோள். மேலைநாட்டார் இதற்கு 1938 அக்டோபர் 30-ஐச் சான்று காட்டுவர். ஹாலோவீனுக்கு முந்தைய அந்த இரவில் ஆர்சன் வெல்ஸ் சி.பி.எஸ். வானொலி நாடகத்தில் செவ்வாய்க்கிரகத்தாரை நியூ ஜெர்சியில் இறக்கினார். கேட்டவர்களில் சிலர் செய்தி என்றே நம்பிவிட்டார்கள். பயப்பட ஆள் வேண்டிச் செவ்வாய்வரை போகவேண்டிய வறுமை அவர்களுக்கு. திருவனந்தபுரத்துக்கோ நாகர்கோவில் சாலையிலேயே கள்ளியங்காட்டு நீலி என்னும் யட்சி இருந்தாள்.

யட்சிக்கு மரபு வகுத்த லட்சணங்கள்: பாலைப்பூ மணம், அவிழ்ந்த கூந்தல், வெள்ளைச்சேலை, நிலத்தில் பாவாத கால். ஒலிநாடகக்காரருக்கு இவற்றால் தம்பிடி பயனில்லை. மணத்தை ஒலிபரப்ப முடியாது. கூந்தல் சத்தமில்லாமல் அவிழும். கால் பாவாதவளுக்குக் காலடியோசை வைப்பது தர்க்கப்பிழை. (கொலுசு மட்டும் எப்படிக் குலுங்குகிறது என்ற சிக்கலை இயற்பியல் துறைக்கு அனுப்பிவைக்கிறோம்.) எஞ்சுவது, வழிப்போக்கரிடம் அவள் மலையாளத்தில் கேட்கும் ஒரே வசனம்: "இத்திரி சுண்ணாம்பு தருமோ?" (கொஞ்சம் சுண்ணாம்பு தருவீர்களா?)

இவ்வசனத்தை எப்படிச் சொல்வது என்பதில்தான் கலை இருக்கிறது. எதிரொலி சேர்த்து அலறவிட்டால் கேட்பவர் 'ஓ, பேய்தான்' என்று நிம்மதியாகிவிடுகிறார். பக்கத்து வீட்டு அக்கா கேட்பதுபோல, லேசாகக் கெஞ்சிக் கேட்க வேண்டும். 1943-இல் திருவனந்தபுரத்தில் வானொலி நிலையம் வருவதற்கு வெகு முன்பே தென்திருவிதாங்கூர் வில்லுப்பாட்டுக்காரர்கள் இதை அறிந்திருந்தனர். கோயில் கொடைக்கு வந்த கூட்டம் நள்ளிரவில் நீலி கதை கேட்டுவிட்டுத் தனியே வீடு திரும்பவேண்டும். அந்த வழிநடைக்கு ஈடான பின்னணி இசையை எந்த ஒலிப்பதிவுக் கூடமும் இன்றுவரை தரவில்லை.

அடுத்து, குடியுரிமைச் சிக்கல். 1956 அக்டோபர் 31 நள்ளிரவு கேரளம் பிறந்தது. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் சென்னை மாநிலத்துக்குப் போயின. அந்த ஹாலோவீன் இரவில் திருவிதாங்கூர்-கொச்சிப் பேயாக உலவப்போன நீலி, விடியலில் சென்னை மாநிலப் பேயாகத் திரும்பினாள். ஹாலோவீன் வரலாற்றில் இதற்கு நிகரான நிகழ்வு உண்டா? காஞ்சிரோட்டு யட்சி என்னும் இன்னொருத்தியின் நிலை இன்னும் குழப்பம். சொந்த ஊர் இன்றைய குமரி மாவட்டம். ஐதிகப்படி வசிப்பதோ திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயிலின் 'பி' நிலவறையில். 2011-இல் உச்சநீதிமன்ற உத்தரவின்படி மற்ற அறைகளைத் திறந்தவர்கள் அதை மட்டும் திறக்காமல் விட்டதால், நேர்காணலுக்கு வாய்ப்பில்லாமல் போயிற்று.

களப்பரிந்துரை: திருவனந்தபுரம் தம்பானூரில் நாகர்கோவில் செல்லும் கடைசிப் பேருந்து பிடித்து, இயர்பட் மாட்டி, எல்லையிலுள்ள களியக்காவிளை தாண்டியதும் நீலி கதையைக் கேட்கத் தொடங்குக. ஒரு தடை உண்டு. வெற்றிலை போடுவோர் அருகிவிட்டதால் இளைய தலைமுறையிடம் சுண்ணாம்பு கிடையாது. யட்சி கோரிக்கையை மாற்றித்தான் ஆகவேண்டும். பக்கத்து இருக்கையிலிருந்து, "ஒரு செவியிலுள்ளது தருமோ?" என்று கேட்கலாம். சுண்ணாம்பைக் கையால் தராமல் கத்திமுனையில் நீட்டவேண்டும் என்பது பழைய விதி. இயர்பட்டை அப்படி நீட்டினால் கீழே விழுந்துவிடும்.