லட்டுக்கு ஒரு சிவப்புச் சட்டை

மருமவனே, நீ நெவார்க்ல ஏறி சான் பிரான்சிஸ்கோ போறதையும், கூடவே உன் நாய் லட்டு வாறதையும், அதுக்கு ‘சர்வீஸ் டாக்’னு எழுத்துப் போட்ட செவப்புச் சட்டை ஒண்ணு நீ ஆர்டர் கொடுத்திருக்கதையும் உங்க அம்மை சொன்னா. ரொம்ப சந்தோசம். சட்டையோட நிறுத்திராத, சர்டிபிகேட்டும் ஒண்ணு வாங்கிரு. லட்டு போட்டோவ ஒட்டி, முத்திரை குத்தி, லேமினேசன் பண்ணியே இன்டர்நெட்டுல விக்காங்க. அமெரிக்க சர்க்கார் நாய்களுக்குப் பதிவேடுன்னு ஒண்ணு வைக்கவே இல்ல, அதனால அந்த அட்டைக்குச் சட்டத்துல காலணா மதிப்பு கிடையாது. ஆனா வெளிச்சத்துல நல்லா மினுங்கும்.

இதெல்லாம் மாமனுக்கு எப்படித் தெரியும்னு முழிக்காத. ஒங்க வீட்ல வந்து கெடந்தப்ப பகல் பூரா எனக்கு என்ன சோலி? உங்க அத்தை சீரியல் பாத்தா, நான் அந்த ஊரு படிவங்களைப் படிச்சேன். தாலுகா ஆபீஸ் படியேறியே செருப்பு தேஞ்ச ஆளு நான். எந்தப் படிவத்துல எங்க வில்லங்கம் ஒளிஞ்சிருக்குன்னு மோந்து பாத்தே சொல்லிருவேன்.

உன் கணக்கு எனக்குப் புரியுது. வளப்பு நாய்னா ஒரு வழிக்கே 100, 150 டாலர்னு விமானக் கம்பெனிக்காரன் தீட்டிருவான். ஊனமுள்ளவங்களுக்கு ஒத்தாசை பண்ணுத சர்வீஸ் நாய்னா சல்லிக்காசு கிடையாது. ஏர்போர்ட் லவுஞ்சுலயும் பைக்குள்ள அடைபடாம, ராசா மாதிரி உன் காலடியில உக்காந்துக்கிடும். துணிக்கடைச் செலவோட முடிஞ்சு போற காரியந்தானே?

அஞ்சாறு வருசம் முந்தி கிளம்பியிருந்தா நீ பொழைச்சிருப்ப. அப்பல்லாம் ‘மனசுக்கு ஆறுதல்’னு டாக்டர்கிட்ட ஒரு கடுதாசி வாங்கிட்டா, பன்னி, வாத்து, வான்கோழி எல்லாம் விமானம் ஏறிச்சு. 2018 ஜனவரியில உன் நெவார்க்லயே ஒரு மயில் வந்து நின்னுச்சு. டெக்ஸ்டர்னு பேரு. யுனைட்டட் கம்பெனிக்காரன் ஏத்த முடியாதுன்னுட்டான். முருகன் மயில்ல ஏறி உலகத்தச் சுத்தினதுதான் நமக்குத் தெரியும். அந்த மயிலே லக்கேஜ் வண்டி மேல உக்காந்து விமானத்துக்குக் காத்துக் கெடந்ததை போட்டோவுல பாத்தப்ப, கன்னத்துல போட்டுக்கவா சிரிக்கவான்னு எனக்குத் தெரியல.

அந்தக் கூத்தையெல்லாம் 2021 ஜனவரி 11ல ஏறக்கட்டிட்டாங்க. இப்ப அந்த ஊரு போக்குவரத்துத் துறை கணக்குல, குறிப்பிட்ட வேலைக்குப் பழக்கின நாய் மட்டுந்தான் சர்வீஸ் பிராணி. ஆறுதல் தார நாய் வளப்பு நாய்தான். சர்வீஸ் நாய்னு சொன்னா கம்பெனிக்காரன் படிவம் நீட்டலாம். அதுல தெரிஞ்சே பொய் எழுதினா மத்திய சர்க்கார் சட்டப்படி குத்தம். நான் சொன்ன வில்லங்கம் அங்கதான் இருக்கு.

லவுஞ்சு வாசல்ல நிக்குத பொம்பளப்பிள்ளை உங்கிட்ட ரெண்டு கேள்விதான் கேக்கும். ஊனம் ஒண்ணுக்காக இந்த நாய் வேணுமா? இது என்ன வேலைக்குப் பழகியிருக்கு? ஒனக்கு என்ன நோய்னு கேக்க அதுக்கு உரிமை இல்ல, நாயை வித்தை காட்டச் சொல்லவும் முடியாது. மொத கேள்விக்கு நீ கூசாம ஆமான்னுருவ, உங்க அப்பன் வழி. ரெண்டாவதுக்கு என்ன சொல்லுவ? காலிங் பெல் அடிச்சா சோபாவுக்கு அடியில போயி ஒளியும்னா? ‘பக்கத்துல இருந்தா மனசுக்கு இதமா இருக்கும்’னு மட்டும் வாயத் தொறந்துராத. தோத்த கேசு அது.

சரி, அதையும் தாண்டி உள்ள போயிட்டன்னே வைப்போம். இனி லட்டு சாட்சி சொல்லணும். சட்டை என்ன சொன்னாலும், விடாம கொலைச்சாலோ, ஆளு மேல தாவினாலோ, கம்பளத்துல காலத் தூக்கினாலோ, அது சர்வீஸ் நாய் இல்லன்னு முடிவு கட்ட அவங்களுக்கு இடம் இருக்கு. ஒனக்காக நீ எவ்வளவு பொய் சொன்னாலும் லட்டு ஒனக்காக ஒரு பொய் சொல்லாது. அது நல்ல வளப்பு. புளோரிடா பக்கம் இந்த வேலையக் காட்டி மாட்டினா கூடுதலா ஒரு கவனிப்பு உண்டு. ஊனமுள்ளவங்களுக்குச் சேவை பண்ணுத இடம் மாதிரி ஒண்ணுல 30 மணி நேரம் சம்பளமில்லாத வேலை. 2015லருந்து இந்தச் சட்டம் இருக்கு. அதை எழுதினவன் எந்த ஊருக்காரனோ, நம்ம பயலாத்தான் இருக்கணும்.

இன்னொண்ணு கேளு. ஒங்க வீட்டுலருந்து காரெடுத்தா எட்டிப் பிடிச்சிரலாம், மோரிஸ்டவுன். ‘சீயிங் ஐ’ன்னு கண்ணு தெரியாதவங்களுக்கு நாய் பழக்குத பள்ளிக்கூடம் அங்க இருக்கு. 1928ல மோரிஸ் பிராங்க்னு பார்வையில்லாத வாலிபன் ஒருத்தன் சுவிட்சர்லாந்து வரைக்கும் போயி, பட்டின்னு ஒரு ஜெர்மன் ஷெப்பர்டோட நியூயார்க்ல வந்து இறங்கினான். பத்திரிகைக்காரங்க பாத்துக்கிட்டு நிக்கையில, வண்டி பறக்குத ரோட்டை அந்த நாய நம்பிக் கடந்தான். அடுத்த வருசம் பள்ளிக்கூடம் பொறந்துச்சு. அதுக்கப்புறமும் ஓட்டல்ல விடு, ரயில்ல விடுன்னு வருசக்கணக்கா வாசல் வாசலா நின்னு வாதாடினாங்க. அப்படித் தொறந்த கதவு வழியாத்தான் நீ லட்டுக்குச் சட்டை மாட்டிக் கூட்டிட்டுப் போகப் பாக்க. அப்படிப் பழகின நாய் லவுஞ்சுல நாற்காலிக்கு அடியில கெடக்கும், கெடக்கதே தெரியாது. உன் லட்டு அது மேல ஒருவாட்டி சீறி விழுந்து கடிச்சு வச்சா, அது வேலைக்கே ஆகாமப் போனாலும் போயிரும். அதுக்கு 150 டாலர் காணாது மருமவனே.

அதனால காச அழுது தொலை. லட்டு பையிலயே வரட்டும். சோதனைக்கிட்ட மட்டும் அதை வெளிய எடுத்து நெஞ்சோட அணைச்சுக்கிட்டு நட, வெறும் பை மெஷினுக்குள்ள போகும். லவுஞ்சுக்கு லவுஞ்சு வழமை வேற. ஒருத்தன் பையோட விடுவான், இன்னொருத்தன் சர்வீஸ் நாய் தவிர ஒண்ணும் ஆகாதும்பான், கேட்டுக்கிட்டுப் போ. விட்டான்னா ஜிப்பை மூடி பையத் தரையில வை. நாற்காலி மனுசன் உக்கார. சாப்பாட்டு மேசைப் பக்கம் போயி உக்காராம, நாயப் பாத்தா மூக்கு ஒழுகுதவனும், நடுங்குதவனும் அங்க இருப்பான்னு நினைச்சு ஒரு மூலையப் பிடி. இலவசமாச்சேன்னு தட்டுலருந்து கிள்ளிப் போடாத. அங்க கெடக்க திராட்சை நாயோட கிட்னியக் காலி பண்ணும், சாக்லேட்டும் வெங்காயமும் அதுக்கு விசம். தின்னே ஆகணும்னா லட்டு பங்கையும் நீயே தின்னுரு, ஒன் வயித்தப் பத்தி எனக்கு நம்பிக்கை இருக்கு.

உள்ள போறதுக்கு முந்தி ‘அந்த’ எடத்துக்கு ஒருவாட்டி கூட்டிட்டுப் போ. வருசத்துக்கு 10,000 பேருக்கு மேல ஏறுத ஏர்போர்ட்டுல டெர்மினலுக்கு ஒண்ணு நாய்க்குக் கக்கூஸ் இருக்கணும்னு 2016லருந்து விதி. பிளாஸ்டிக் புல்லு விரிச்சு, சில எடத்துல தீயணைக்குத செவப்புக் குழா மாதிரி ஒண்ணும் நட்டு வச்சிருக்காங்க. நம்ம ஊரு பஸ் ஸ்டாண்டுல மனுசனுக்கு இப்படி யோசிச்ச ஆளு இன்னும் பொறக்கல.

சான் பிரான்சிஸ்கோவுல இறங்கினதும் சட்டை போட்ட நாய் ஒண்ணு வரும், ‘என்னைத் தடவு’ன்னு சட்டையிலயே எழுதியிருக்கும். பயணிகளோட படபடப்பக் கொறைக்க ஏர்போர்ட்டுக்காரனே 2013லருந்து அப்படி நாய்களைச் சுத்த விட்டிருக்கான். 2016ல லிலூன்னு ஒரு பன்னியும் சேந்துச்சு, கால் நகத்துக்கெல்லாம் சாயம் பூசி. அந்தச் சட்டை போட்டு வாறதைத் தாராளமாத் தடவு. வேலையில இருக்க நாயத் தொடாத, சூ காட்டாத, பேரு என்னன்னும் கேக்காத.

லட்டை நம்ம ஊருக்கே கூட்டிட்டு வாற நெனப்புல சட்டையப் பத்திரப்படுத்தி வச்சிருந்தா, அதுக்கும் ஒரு படிவம் இருக்கு. எட்டு மணி நேரம், அதுக்கு மேலன்னு பறக்குத விமானத்துல சர்வீஸ் நாய்னா, அவ்வளவு நேரமும் அது ஒண்ணுக்கு ரெண்டுக்குப் போகாது, போனாலும் அசிங்கம் பண்ணாம போகும்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரணும்னு கம்பெனிக்காரன் கேக்கலாம். நான் ஒங்க ஊருக்கு வந்தப்ப அந்தப் படிவத்த எங்கிட்ட நீட்டியிருந்தான்னா, உங்க அத்தை மட்டுந்தான் வந்திருப்பா.