மௌனத்துக்கு மேல்முறையீடு உண்டா?

கேள்வி: அமெரிக்கக் குடியுரிமைக்கான நேர்காணல் முடிந்தும் மாதக்கணக்கில் முடிவு வரவில்லை. அரசின் மீதே வழக்குப் போடுவது சரியா?

பதில்: சரிதான். 'இல்லை' என்று மறுத்தால் அதை எதிர்த்து முறையிடலாம்; மௌனத்தை எதிர்த்து எங்கே முறையிடுவது? அதற்காகவே சட்டம் ஒரு வாசலைத் திறந்து வைத்திருக்கிறது. நேர்காணல் நடந்து 120 நாள்களில் முடிவு வராவிட்டால் கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றத்தை நாடலாம். நீதிபதி தாமே முடிவெடுக்கலாம். தக்க உத்தரவுடன் குடிவரவுத் துறைக்கே திருப்பியும் அனுப்பலாம். கிரீன் கார்டு போன்ற பிற விண்ணப்பங்களுக்கு, கடமையைச் செய்யும்படி அரசு அலுவலகத்துக்கு உத்தரவிடக் கோரும் 'மாண்டமஸ்' வழக்கு இருக்கிறது. அரசு அலுவலகங்கள் நியாயமான காலத்துக்குள் வேலையை முடிக்க வேண்டும் என்பது 1946-ஆம் ஆண்டின் நிர்வாக நடைமுறைச் சட்டம் விதித்த கடமை.

'வழக்குப் போடுவது, வரிசையில் நிற்பவர்களைத் தாண்டி முந்துவதாகாதா?' என்பார்கள். அந்தக் கவலை நியாயமானது. அதனால்தான், தாமதம் நியாயமற்றதா என்று பார்க்க 1984-இல் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம் வகுத்த அளவுகோல்களில், துறையின் மற்றப் பணிகளுக்கு ஏற்படும் பாதிப்பும் ஒன்று. 'வழக்குப் போட்டால் கோபித்து மறுத்துவிடுவார்களே' என்ற அச்சமும் உண்டு. மறுப்பதற்குச் சட்டப்படியான காரணம் வேண்டும், கோபம் காரணமாகாது. ஆனால் மாண்டமஸ் முடிவைத்தான் வாங்கித் தரும், சம்மதத்தை அல்ல. ஆவணங்களில் ஓட்டை இருந்தால் மறுப்புதான் விரைந்து வரும். கிரீன் கார்டில் நாட்டுக்கு 7 சதவீதம் என்ற உச்சவரம்பால் இந்தியர்கள் காத்திருக்கும் நீண்ட வரிசையையும் நீதிபதியால் கலைக்க முடியாது. அது அமெரிக்க நாடாளுமன்றம் போட்ட பூட்டு. அதிகாரியின் மேசையில் தூங்கும் கோப்புக்கோ, வழக்குதான் விழிப்பு மணி.